நர்ஸ் இல்லாத பள்ளிக்கு டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளையை அனுப்புவது எப்படி?

கேள்வி: எட்டு வயது மகன், மூன்றாம் வகுப்பு, எடை 24 கிலோ. போன மாதம் டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். காலை ஏழரைக்கும் இரவும் ரெகுலர், என்.பி.ஹெச். இரண்டு இன்சுலினையும் கலந்து போடுகிறோம். பள்ளியில் நர்ஸ் கிடையாது. "எங்களால் பொறுப்பேற்க முடியாது, வேண்டுமானால் மதியம் வரை மட்டும் அனுப்புங்கள்" என்கிறார் ஹெச்.எம். என்ன ஏற்பாடு செய்து அனுப்புவது?

பதில்:

மதியம் வரை மட்டும் அனுப்புவது கேட்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். உங்கள் மகன் போடும் இன்சுலினுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. ஏழரைக்குப் போட்ட ரெகுலர் இன்சுலின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில், அதாவது ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை உச்சத்தில் வேலை செய்யும். அது அடங்கும்போது என்.பி.ஹெச். ஏறத் தொடங்கும். அதன் உச்சம் நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும், பதினொன்றரையிலிருந்து பிற்பகல் வரை நீளும். ஆக, சர்க்கரை இறங்க அதிக வாய்ப்புள்ள நேரத்தின் பெரிய பகுதி ஹெச்.எம். அனுமதிக்கிற அந்தக் காலைப் பொழுதிலேயே இருக்கிறது. அரை நாள் அனுப்பினாலும் முழு நாள் அனுப்பினாலும் செய்ய வேண்டிய ஏற்பாடு ஒன்றுதான். இதை அவரிடம் ஒரு தாளில் கடிகாரம் வரைந்து காட்டுங்கள். வாதாடுவதைவிட இது சீக்கிரம் புரியும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கட்டாயமாகின்றன. பத்தரை, பத்தே முக்கால் இன்டர்வெல்லில் அவன் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். மதியச் சாப்பாடும் தள்ளிப்போகக் கூடாது. உள்ளே போன இன்சுலினை யாரும் திரும்ப எடுக்க முடியாது. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். "நோட்டு முடித்துவிட்டுத்தான் இன்டர்வெல்", "சத்தம் போட்டதால் வகுப்பு மொத்தமும் பத்து நிமிடம் கழித்துச் சாப்பிடப் போகலாம்" என்பதெல்லாம் மற்ற பிள்ளைகளுக்குச் சின்ன தண்டனை. இவனுக்கு ஆபத்து. ஆண்டு விழா ஒத்திகை, விளையாட்டு விழா, பரீட்சை போன்ற நாட்களில்தான் சாப்பாட்டு மணி நழுவும். அந்த நாட்களின் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்டர்வெல் ஸ்நாக்ஸ் ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன இட்லி, ஒரு கைப்பிடி சுண்டல், பாதி வாழைப்பழம் என மருத்துவமனை டயட்டீஷியன் சொன்ன அளவு எதுவோ அது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைவிடத் தினமும் அதே அளவு, அதே நேரம் என்பதுதான் முக்கியம். டப்பா மீதியோடு வீட்டுக்குத் திரும்பினால் அன்று மாலை சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் விளையாட விட வேண்டும்.

இனி, பள்ளியில் நீங்கள் உண்மையில் போராட வேண்டியது ஒரு நம்பிக்கையோடு: "சுகர் பிள்ளை, இனிப்பு கொடுக்கவே கூடாது." ஆசிரியர்கள் எல்லோருக்கும் வீட்டில் ஒரு மாமனாரோ அம்மாவோ சர்க்கரை நோயாளியாக இருப்பார்கள். காப்பியில் சர்க்கரை போடாமல் கொடுத்துப் பழகிய கை அது. அதனால், பையன் வியர்த்து நடுங்கும்போது எதிரில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தும், கொடுக்கலாமா என்று உங்களுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பைக்கில் இருந்தால் அந்த போனை எடுக்க மாட்டீர்கள். இதைவிட மோசமானது, "சுகர் மயக்கம்தானே, இன்சுலின் போடுங்கள்" என்று யாராவது பாட்டியின் அனுபவத்தை வைத்துச் சொல்வது. சர்க்கரை இறங்கிய குழந்தைக்கு இன்சுலின் போடுவது உயிருக்கு உலை. எனவே முதல் நாளே, ஒரே ஒரு வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்: லோ ஆனால் சர்க்கரைதான் மருந்து, போன் அதற்குப் பிறகு.

லோ என்பது குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே. 54-க்குக் கீழே போனால் தீவிரம். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்: திடீர் வியர்வை, வெளிறிய முகம், கை நடுக்கம், பசி, தலைவலி, காரணமில்லாத அழுகை அல்லது கோபம், கண் ஒரு இடத்தில் நிலைகுத்தி இருப்பது, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புவது. வகுப்பில் இது பெரும்பாலும் கவனக்குறைவாகவோ குறும்பாகவோதான் தோன்றும். கையெழுத்து திடீரென்று கோணலாவதும், தெரிந்த கணக்கில் திணறுவதும் அடையாளம்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் அடையாளம் வேறு. உங்கள் மகனுக்கு இந்த ஒரு மாதத்தில் வீட்டில் எப்படி வந்தது என்பதை எழுதிக் கொடுங்கள். "மயக்கம் வரும்" என்று மட்டும் எழுதினால் அவன் விழும்வரை காத்திருப்பார்கள்.

கொடுக்க வேண்டிய அளவு: எடை கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 24 கிலோவுக்கு 7 கிராம் சொச்சம். கொஞ்சம் கூட்டி 10 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குச் சொல்லும் 15 கிராமைக் கொடுத்தால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை, பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறி நிற்கும், அவ்வளவுதான். லோவில் குறைவாகக் கொடுப்பதுதான் தவறு. ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் தலைதட்டி எடுப்பார், இன்னொருவர் குவித்து எடுப்பார். வீட்டில் சமையல் தராசு இருந்தால் குளுக்கோஸ் பவுடரைப் பத்துப் பத்து கிராமாக நிறுத்துச் சின்ன ஜிப் பாக்கெட்டுகளில் போட்டுவிடுங்கள். ஒரு லோவுக்கு ஒரு பாக்கெட். கால் டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம், தண்ணீர் கைக்கு வராவிட்டால் அப்படியே வாயில் போட்டுச் சப்பலாம். குளுக்கோஸ் இல்லாத இடத்தில் சாதாரணச் சர்க்கரை தலைதட்டி இரண்டரை டீஸ்பூன், அல்லது கடையில் விற்கும் மாம்பழ ஜூஸ் 80 முதல் 100 மில்லி.

எது உதவாது என்பதையும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அவசரத்தில் கைக்குக் கிடைப்பதைத்தான் கொடுப்பார்கள். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பிஸ்கட்டும் பிரெட்டும் மெதுவாகத்தான் ஏற்றும், சர்க்கரை சரியான பிறகு கொடுக்கலாம். 'டயட்', 'ஜீரோ' என்று போட்ட குளிர்பானத்தில் சர்க்கரையே இல்லை. ஓ.ஆர்.எஸ். பலரும் நினைப்பது போல் இல்லை: உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு டம்ளரில் மூன்று கிராம்கூடத் தேறாது. பள்ளி முதலுதவிப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் பெரியவர்களுக்குக் கஷ்டம். ஐந்தாவது நிமிடத்தில் பையன் இன்னும் வாடியிருப்பதைப் பார்த்து இன்னொரு பாக்கெட், பிறகு ஒரு சாக்லேட், பிறகு வீட்டிலிருந்து வந்த கேக் என்று போய்விடும். மதியம் 350-ல் நிற்பான். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். பதினைந்தாவது நிமிடம் இன்னும் 70-க்குக் கீழே என்றால் இரண்டாவது பாக்கெட். 70-ஐத் தாண்டிவிட்டால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பட்சத்தில் இரண்டு பிஸ்கட். உடனே சாப்பாடு என்றால் அதுவும் வேண்டாம். அதன் பிறகு வகுப்பில் உட்காரலாம். ஆனால் மூளை முழுதாகத் தெளிய அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அப்போது டெஸ்ட் எழுதச் சொல்லி மதிப்பெண் போடக் கூடாது.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: லோ என்று சொல்லும் குழந்தையை ஆபீஸ் ரூமுக்கோ ஸ்டாஃப் ரூமுக்கோ தனியாக அனுப்பக் கூடாது. கூட இன்னொரு மாணவனை அனுப்புவதும் போதாது. மாடிப்படியில் விழுந்தால் அந்த எட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? உட்கார்ந்த இடத்திலேயே, அந்த பெஞ்சிலேயே கொடுக்க வேண்டும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஆபீசில் பூட்டி வைப்பது பயன்படாது. மூன்று இடங்களில் இருக்கட்டும்: அவன் ஸ்கூல் பையின் முன் ஜிப்பில் மூன்று பாக்கெட், வகுப்பாசிரியர் மேஜை டிராயரில் பெட்டி, பி.டி. சாரிடம் இரண்டு பாக்கெட்.

டிராயரில் இருக்கும் பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் போதும். உள்ளே: குளுக்கோஸ் பாக்கெட் ஆறு, 100 மில்லிக்குக் குறையாத சின்ன ஜூஸ் இரண்டு, ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட், குளுக்கோமீட்டர், அதே மீட்டருக்கான ஸ்ட்ரிப் டப்பா, விரலில் குத்தும் லான்செட், பஞ்சு, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்க்கும் ஸ்ட்ரிப், பயன்படுத்திய ஊசியைப் போட்டு வைக்க ஒரு கனமான மூடியுள்ள பாட்டில், மூடியின் உள்பக்கம் ஒட்டிய ஒரு தாள். எறும்பு வரும் என்பதால் குளுக்கோஸ் பாக்கெட்டுகளை இறுக்கமாக மூடும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அதை இந்தப் பெட்டிக்குள் வையுங்கள். எறும்பு மொய்த்த பெட்டியை ஆயாம்மா வெயிலில் வைத்துவிடுவார், அதோடு ஸ்ட்ரிப் போச்சு.

அந்தத் தாளில் இருக்க வேண்டியது இவ்வளவுதான், இதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்:

"இவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். தொற்றாது. இனிப்பு சாப்பிட்டதால் வந்ததல்ல.
வியர்வை, நடுக்கம், வெளிறல், திடீர் அழுகை, பதில் சொல்லாமல் விழித்தல்: உடனே ஒரு குளுக்கோஸ் பாக்கெட். மீட்டர் பக்கத்தில் இருந்தால் சர்க்கரை பாருங்கள், இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.
15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் இன்னொரு பாக்கெட். தனியாக விடாதீர்கள்.
நினைவில்லை, வலிப்பு, விழுங்க முடியவில்லை: வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108. பிறகு அம்மா, அப்பா.
வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல்: சர்க்கரை பாருங்கள். 250-க்கு மேல் என்றால் உடனே பெற்றோரை அழைத்து மருத்துவமனை.
பள்ளியில் இருப்பவர்கள் தாங்களாக இன்சுலின் போட வேண்டாம்."

கீழே மூன்று போன் எண்கள், மருத்துவமனை பெயர், தாள் எழுதிய தேதி. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

நினைவிழந்த குழந்தையின் வாயில் தண்ணீரோ குளுக்கோஸ் கரைசலோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். நம் ஊரில் மயங்கியவர் வாயில் சோடா ஊற்றும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நிலைக்கு உரிய மருந்து குளுக்ககான் ஊசி. கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்கு வெளியே விடச் செய்யும். 25 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, விலையும் அதிகம். மருத்துவர் எழுதிக் கொடுத்து உங்களுக்குக் கிடைத்தால், பள்ளியில் போட ஒப்புக்கொள்ளும் ஒருவர் இருந்தால் மட்டும் அங்கே வையுங்கள். போட்ட பிறகு வாந்தி வரலாம், அதற்காகவும்தான் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. குளுக்ககான் இல்லாவிட்டால் 108-தான். பள்ளியிலிருந்து அருகில் உள்ள மருத்துவமனை எது, அங்கே இருபத்துநாலு மணி நேரமும் குளுக்கோஸ் ஏற்ற ஆள் இருக்கிறார்களா என்பதை இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சர்க்கரை ஏறும் பக்கத்துக்கு வருவோம். இது லோ மாதிரி நிமிடக் கணக்கில் ஆபத்தாகாது, ஆனால் ஆசிரியர் தவறாகப் புரிந்துகொள்ள இதில் அதிக இடம் உண்டு. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். "இப்போதுதானே போனாய், உட்கார்" என்பது எல்லா வகுப்பிலும் கேட்கும் வாக்கியம். இவனுக்கு எப்போது கேட்டாலும் அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் மேஜை மேலேயே இருக்கட்டும். கழிப்பறை சுத்தமில்லாத பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுவது உண்டு. ஏறிய சர்க்கரையோடு தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடலில் நீர் வற்றிவிடும். ஒரு நாளில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று முறை அதிகமாகப் போனான் என்றால் டைரியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உங்கள் மருத்துவருக்குப் பெரிய தகவல்.

ஏறிய சர்க்கரையோடு வாந்தியும் வந்தால்தான் அவசரம். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கும். கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். வயிற்றுவலி, வாந்தி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் பழ வாடை ஆகியவை அதன் அடையாளங்கள். பள்ளியில் இது "காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" ஆகிவிடும். ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். வாந்தி எடுத்தால் எதையும் யோசிப்பதற்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் 280 இருந்து, விளையாடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்தால் தண்ணீர் கொடுத்து உங்களுக்குத் தகவல் சொன்னால் போதும். வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க ஆசிரியருக்கும் நீங்கள்தான் பழக்க வேண்டும்.

உங்கள் மகனுக்குக் கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றீர்கள். இங்கேதான் பலர் இடறுவார்கள். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தேறி, தற்காலிகமாகத் தாங்களே இன்சுலின் சுரக்கத் தொடங்கும். 'ஹனிமூன்' காலம் என்பார்கள். சில வாரமோ பல மாதமோ நீடிக்கும். அப்போது மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் லோ மேல் லோ வரும். பள்ளிக்குத் திரும்புவதும் ஹனிமூன் தொடங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதால், பள்ளி ஓட்டம், பி.டி., மாடிப்படி என்று உழைப்பும் கூடிச் சர்க்கரை இன்னும் இறங்கும். அனுப்புவதற்கு முந்தைய வாரம் மருத்துவரிடம் போய், "திங்கட்கிழமையிலிருந்து பள்ளி" என்று சொல்லிக் காலை அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோய் குணமாகிறது, இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று யாராவது வேரும் பொடியும் கொண்டு வருவதும் இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தினால் நேராக ஐ.சி.யூ.

பி.டி. பீரியடைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். ஓட வேண்டும், விளையாட வேண்டும். தொடங்குமுன் 90-க்கும் 250-க்கும் இடையில் இருப்பது நல்லது. 90-க்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் இருந்தால் அன்று வேண்டாம். பி.டி. கடைசி பீரியடாக வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். விளையாடிய உடனே மட்டுமல்ல, பல மணி நேரம் கழித்தும், இரவு தூக்கத்திலும்கூட சர்க்கரை இறங்கும். கடைசி பீரியடில் ஓடிவிட்டு வேனில் ஏறும் பிள்ளை பின் சீட்டில் தூங்கிவிட்டதாக எல்லோரும் நினைப்பார்கள். வேன் ஓட்டுபவருக்கும் உதவியாளருக்கும் அந்தத் தாளில் ஒரு பிரதி, இரண்டு பாக்கெட் குளுக்கோஸ். இறங்கும் இடம் வருமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை பார்ப்பது பற்றி இரண்டு குறிப்பு. கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் சாப்பிட்ட விரலில் ஒட்டிய சாறே 50, 60 கூட்டிக் காட்டிவிடும். லோவில் இருக்கும் பிள்ளைக்கு மீட்டர் 130 காட்டினால் ஆசிரியர் சும்மா விட்டுவிடுவார். சானிட்டைசர் போட்டால் முழுக்கக் காய்ந்த பிறகு குத்த வேண்டும். அறிகுறி ஒன்று சொல்லி மீட்டர் வேறொன்று சொன்னால் அறிகுறியை நம்பி முதலில் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு, கழுவிய கையில் மறுபடி பார்க்கலாம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. எழுதும் கையை விட்டுவிடலாம். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த உடனே மூட வேண்டும். ஈரக் காற்று பட்டால் கெட்டுவிடும், கெட்டது வெளியே தெரியாது. சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் மீட்டர் இருந்தால் பிழை காட்டும், பெரும்பாலான மீட்டர்கள் 40 டிகிரி வாக்கில் மறுத்துவிடும். கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருந்தாலும் அது தோலடி நீரில்தான் அளக்கிறது. ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். வேகமாக இறங்கும்போது அது 85 என்று சொல்வதற்குள் பிள்ளை 60-ல் இருப்பான்.

இப்போதைய ஏற்பாட்டில் மதியம் ஊசி இல்லை. ஆனால் நாள் போகப்போக, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, நாள் முழுவதுக்கும் ஒன்று என்ற முறைக்கு மருத்துவர் மாற்ற வாய்ப்பு அதிகம், குழந்தைகளுக்கு அதுதான் நல்லது. மதிய ஊசி வந்தால் யார் போடுவது என்பதற்கு நம் பள்ளிகளில் நடைமுறையில் இருப்பது அம்மா பன்னிரண்டரைக்கு வாசலில் நிற்பதுதான். அது ஒரு பெண்ணின் வேலையையே காவு வாங்குகிறது. எட்டு, ஒன்பது வயதில் இன்சுலின் பேனாவால் தானே போட்டுக்கொள்ளப் பல பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். எத்தனை யூனிட் என்று முடிவு செய்வதுதான் அவர்கள் வேலையில்லை. நடைமுறைக்கு வருகிற ஏற்பாடு: சர்க்கரை பார்த்து எண்ணை ஆசிரியர் போனில் சொல்ல, நீங்கள் யூனிட் சொல்ல, அவன் பேனாவைத் திருக, திருகிய எண்ணை ஆசிரியர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல, அவன் போட்டுக்கொள்ள. ஆசிரியர் ஊசியைத் தொடவே வேண்டாம். போட்டு முடித்ததும் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. முதலில் 2 யூனிட் காற்றில் விட்டுப் பார்க்கவும் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஊசியில் அடைப்பு இருந்தாலும் தெரியாது, மருந்து போகாமலேயே போட்டதாகக் கணக்கு எழுதுவோம்.

வீட்டில் குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பள்ளி சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் '10' வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். தலைகீழாக, 100 குப்பி மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் '10' வரை இழுத்தால் 25 யூனிட். காலையில் அவசரத்தில் இது நடந்தால் பள்ளியில் இரண்டாவது பீரியடில் தெரியவரும். கடையில் மாற்றிக் கொடுப்பது சகஜம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மூடியின் நிறத்தையும் குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் பொதுவாக நாலு வாரம் தாங்கும், திறக்காதது ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள். நம் ஊர் வகுப்பறை மார்ச்சிலிருந்தே 30-ஐத் தாண்டிவிடும். பள்ளியில் பேனா வைக்க வேண்டி வந்தால் ஈர மணல் போட்ட பெரிய மண் சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து மூடி, நிழலில் வைத்தால் வெளி வெப்பத்தைவிட நன்றாகவே குறையும். ஐஸ் பெட்டிக்குள் நேராக வைத்து உறைய வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வீட்டில் ரெகுலர் இன்சுலின் போட்டு அனுப்பி, உப்புமா பள்ளியில் என்று வைக்காதீர்கள். ரெகுலர் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பாடு வேண்டும். வேன் தாமதம், சமையல் தாமதம் என்றால் பிள்ளை பிரேயரில் விழும். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

ஹெச்.எம்.மிடம் திரும்பப் பேசப் போகும்போது கேட்பதைச் சுருக்குங்கள். "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் எந்த ஹெச்.எம்.மும் பின்வாங்குவார். அதில் எல்லை இல்லை. கேட்க வேண்டியது ஐந்தே விஷயம்: நேரத்துக்குச் சாப்பிட அனுமதி, கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் அனுமதி, வகுப்பிலேயே சர்க்கரை பார்க்க அனுமதி, லோ ஆனால் குளுக்கோஸ் கொடுப்பது, மயங்கினால் 108. இவற்றில் மருத்துவத் திறமை தேவைப்படுவது எதுவும் இல்லை. மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் திட்டம், "குளுக்கோஸ் கொடுக்கவும் ஆம்புலன்சில் அனுப்பவும் சம்மதிக்கிறோம்" என்று நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட கடிதம், இரண்டையும் கொண்டு போங்கள். பொறுப்பு என்ற பயம் கடிதத்தைப் பார்த்தால் பாதி குறையும். மீதிக்கு: தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் டைப் 1 பிள்ளைகள் வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், இடைவேளை உணவு உண்ணவும் பள்ளிகள் அனுமதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் இந்த மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், ஸ்நாக்ஸ், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. இவற்றை மிரட்டலாக நீட்டாமல், மற்ற பள்ளிகளிலும் இது நடக்கிற விஷயம்தான் என்று காட்ட எடுத்துப் போங்கள். வருடம் முழுக்க உங்கள் பிள்ளை அவர்கள் கையில்தான் இருக்கப்போகிறான்.

வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை மகனிடமே கேளுங்கள். சொல்லாமல் மறைத்தால், ஊசி போடுவதைப் பார்த்து அவர்களே ஒரு கதை கட்டுவார்கள், தொற்றிக்கொள்ளும் என்று பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பக்கத்து சீட்டுப் பையனுக்காவது தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் டீச்சருக்கு முன் அவன்தான் கவனிப்பான். பிறந்தநாள் சாக்லேட்டுக்கு, "வாங்கிப் பையில் வை, வீட்டில் சாப்பாட்டோடு சாப்பிடலாம்" என்ற ஒப்பந்தம் வேலை செய்யும். எல்லோர் முன்னிலும் அவனுக்கு மட்டும் கொடுக்காமல் நகர்ந்து போவது வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். சாக்லேட்டுக்காகவே 'லோ' என்று நடிக்கிறானோ என்ற சந்தேகம் எப்போதாவது அவருக்கு வரும். வந்தாலும் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு மீட்டரில் பார்க்கட்டும். நடித்திருந்தால் வீட்டில் நாம் பேசிக்கொள்ளலாம்.

பள்ளிக்குப் போகும் முந்தைய நாள் ஒத்திகை ஒன்று வையுங்கள். வகுப்பாசிரியர், பி.டி. சார், வகுப்புக்கு அடிக்கடி வரும் இன்னொரு ஆசிரியர் என மூன்று பேராவது இருக்கட்டும். வகுப்பாசிரியர் லீவு போடும் நாள் வரும், அன்று மாற்றாக வருபவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியை டிராயரிலிருந்து எடுத்து, பாக்கெட்டைப் பிரித்து, கலக்கிக் கையில் கொடுப்பதுவரை அவர்களே செய்யட்டும், நீங்கள் கடிகாரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பெட்டி தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது மூடி இறுக்கமாக இருக்கிறது. முதல் வாரம் காலை இடைவேளைக்கும் மதியத்துக்கும் சர்க்கரை பார்த்து டைரியில் எழுதச் சொல்லுங்கள். எண்கள் நிலைத்த பிறகு குறைத்துக்கொள்ளலாம். பெட்டியை மாதம் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதி, மீட்டரின் பேட்டரி, பாக்கெட்டின் எண்ணிக்கை பாருங்கள். சம்பள நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இன்சுலின் அளவோ போன் எண்ணோ மாறினால் அன்றே தாளையும் மாற்றி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.